ப்ளகின் வாங்கும் முன்: வீட்டு ஒலிப்பதிவில் என்ன கோளாறு, எங்கே பார்ப்பது?

"எந்த ப்ளகின் போட்டால் குரல் நன்றாக வரும்?" "இந்த மென்பொருள் சரியில்லை, வேறு எதற்கு மாறலாம்?" வீட்டில் பாட்டுப் பதிவு செய்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த இரண்டில் அடங்கிவிடும். (ப்ளகின் என்பது பதிவு மென்பொருளுக்குள் மாட்டும் சிறு மென்பொருள்; ஒலியை மாற்றும், அல்லது வாத்தியமாக ஒலிக்கும்.) பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காதுக்கு என்ன கேட்கிறது, திரையில் என்ன தெரிகிறது? அதைச் சரியாகச் சொல்ல முடிந்தால் பெரும்பாலும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்காது. ஒரு செட்டிங், ஒரு கேபிள், மைக்குக்கும் வாய்க்கும் நடுவே உள்ள தூரம், இவற்றில் ஒன்றை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். உண்மையிலேயே ப்ளகின் தேவைப்படும் இடங்களும் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். அதற்கு முன் மூன்று பழக்கங்கள். ப்ராஜெக்டை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் மட்டும் கை வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும். அப்புறம், ப்ளகின் எதுவும் இல்லாத வெற்று ப்ராஜெக்டில் ஒரே ஒரு ட்ராக் வைத்துப் பாருங்கள். அங்கேயும் கோளாறு வந்தால் கம்ப்யூட்டர், டிரைவர், வயர் பக்கம் தேடுங்கள். அங்கே வரவில்லை என்றால் தேட வேண்டிய இடம் ப்ராஜெக்டுக்குள்தான்.

## பாடும்போது என் குரல் எனக்கே தாமதமாகக் கேட்கிறது

முதலில் ஹெட்ஃபோனைப் பாருங்கள். ப்ளூடூத் என்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், வயர் ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் காதுக்குக் கொடுப்பதற்குள் சாதாரணமாக 100 மில்லிவிநாடிக்கு மேல் ஓடிவிடும். அதை எந்த மென்பொருளாலும் குறைக்க முடியாது. முடிந்த பாட்டைக் கேட்க ப்ளூடூத் போதும், பதிவுக்கு ஆகாது.

வயர் ஹெட்ஃபோன்தான் என்றால் அடுத்த சந்தேகம் பஃபர். கம்ப்யூட்டர் ஒலியைத் துளித்துளியாக அல்ல, கட்டுக்கட்டாகத்தான் வாங்கிக் கொடுக்கும். அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு ஒலியை 48,000 முறை அளப்பது; ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள்) 256 சாம்பிள் பஃபர் என்றால் 5.3 மில்லிவிநாடி. உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை, ஆக ஏறக்குறைய 10.7. இதற்கு மேல் இன்டர்ஃபேஸும் (மைக்கையும் ஹெட்ஃபோனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) டிரைவரும் தங்கள் பங்குக்குச் சில மில்லிவிநாடி சேர்க்கும். அதே பஃபரை 1024 என்று வைத்தால் போகவர 43 ஆகிவிடும். அதில் யாராலும் தாளத்தில் பாட முடியாது.

10 மில்லிவிநாடி அதிகமா, குறைவா? காற்றில் ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிவிநாடி ஆகிறது. அப்படியானால் 10 என்பது ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போல. கிட்டார் வாசிப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். பாடுபவர் கவனிப்பார். அவருக்குத் தன் குரல் எலும்பு வழியாக உடனே கேட்டுவிடுகிறது. ஹெட்ஃபோனில் பின்னால் வரும் குரல் அதோடு கலந்து குழாய்க்குள் பாடுவது போன்ற ஓசை உண்டாகும். ஆகவே பாடகருக்கு டைரக்ட் மானிட்டரிங்தான் நல்லது. இன்டர்ஃபேஸில் அந்தப் பெயரில் ஒரு பட்டனோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் மைக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வராமல் நேராகக் காதுக்கு வரும். போட்டபின் மென்பொருளில் அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைக்க வேண்டும். இரண்டும் போட்டிருந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும். "எக்கோ வருகிறது, எந்த ப்ளகினால் போகும்?" என்று கேட்பவர்களில் பலருக்கு இந்த ஒரு பட்டன்தான் விடை.

விண்டோஸில் டிரைவரையும் பாருங்கள். ஆடியோ செட்டிங்கில் ஏசியோ (ASIO) என்ற டிரைவர் வகையும், அதில் உங்கள் இன்டர்ஃபேஸின் பெயரும் இருக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்களின் டிரைவரை நிறுவாமல் விண்டோஸின் பொது டிரைவரிலேயே ஓட்டினால் பஃபரை எவ்வளவு குறைத்தாலும் தாமதம் போகாது. தயாரித்தவரே ஏசியோ டிரைவர் தரவில்லை என்றால் 'ஏசியோ4ஆல்' ஒரு தற்காலிக வழி. அது பொது டிரைவரின் மேல் போர்த்திய ஒரு உறை, அவ்வளவுதான். அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தாமதம் என்றால் குற்றவாளி ப்ளகின். வரப்போகும் ஒலியை முன்கூட்டிப் பார்த்து வேலை செய்யும் லிமிட்டர் (ஒலியின் உச்சத்தைத் தடுப்பது), லீனியர் ஃபேஸ் வகை ஈக்யூ (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது), சில சுருதி திருத்தும் ப்ளகின்கள் ஆகியவை ஒலியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடும். அது மாஸ்டர் ட்ராக்கில் உட்கார்ந்திருந்தால் மொத்தப் பாட்டும் அதற்காகக் காத்திருக்கும். மாஸ்டரில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். இதற்கென்றே சில பதிவு மென்பொருள்களில், லாஜிக்கில் 'லோ லேட்டன்சி மோட்', க்யூபேஸில் 'கன்ஸ்ட்ரெயின் டிலே காம்பன்சேஷன்' என்று ஒரே சொடுக்கில் அணைக்கும் வசதி உண்டு. பதிவின்போது லேசான ப்ளகின்கள், மாஸ்டரிங் சமாச்சாரமெல்லாம் கடைசியில் என்று பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது.

இதன் உறவுக்காரக் கோளாறு ஒன்று: பாடும்போது சரியாக இருந்தது, பதிவைக் கேட்டால் தாளத்துக்குப் பின்னால் நிற்கிறது. இதை அளந்தே பார்த்துவிடலாம். இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போடுங்கள். ஒலியைக் குறைத்துவைத்து, மெட்ரோனோம் 'டிக்' ஒன்றை ஆடியோவாக ஒரு ட்ராக்கில் வைத்து ஓட்டி, இன்னொரு ட்ராக்கில் பதிவு செய்யுங்கள். இப்போது திரையை நன்றாகப் பெரிதாக்கி இரண்டு 'டிக்'கின் முனைகளையும் ஒப்பிடுங்கள். பதிவானது 312 சாம்பிள் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 48 கிலோஹெர்ட்ஸில் அது 6.5 மில்லிவிநாடி. அந்த 312-ஐ மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில் பதிவு ஈடுசெய்யும் இடத்தில் எழுதிவிட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். இரண்டு முனையும் ஒட்டி நிற்க வேண்டும். விலகல் இரட்டிப்பானால் குறியை மாற்றிப் போடுங்கள். பிறகு மறக்காமல் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து காதைப் பிளக்கும்.

## கேட்கும்போது சடசட, பட்பட் என்று சத்தம்

மேலே பஃபரைக் குறைக்கச் சொன்னேன். இங்கே கூட்டச் சொல்கிறேன். பதிவு செய்யும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1024. மிக்ஸில் யாரும் பாடப்போவதில்லை, தாமதத்தால் நஷ்டமில்லை. இந்த ஒரு பழக்கம் பாதிச் சடசடப்பைப் போக்கிவிடும்.

கூட்டியும் போகவில்லையா? சத்தம் பதிவிலேயே இருக்கிறதா, ஓட்டும்போது மட்டும் வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள். அதே இடத்தில், ஒவ்வொரு முறையும், ஒரே மாதிரி வந்தால் அது பதிவில் விழுந்துவிட்டது. அல்லது இரண்டு துண்டு ஒட்டும் இடத்தில் ஃபேட் (ஒலியைப் படிப்படியாக ஏற்றி இறக்குவது) போடாமல் விட்டிருப்பீர்கள். இடம் மாறி மாறி வந்தால் கம்ப்யூட்டர் திணறுகிறது.

டாஸ்க் மேனேஜரில் 30 சதவீதம்தான் காட்டுகிறது, பிறகு ஏன் திணறல் என்று பலர் குழம்புவார்கள். அது ப்ராசஸருக்குள் உள்ள எல்லாக் கோர்களின் சராசரி. ஒரு ட்ராக்கில் வரிசையாக மாட்டிய ப்ளகின்கள் ஒன்றின் முடிவுக்கு ஒன்று காத்திருப்பதால் பொதுவாக அந்த வரிசை முழுவதும் ஒரே கோரில்தான் ஓடும். மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும் அந்த ஒன்று நேரத்துக்கு முடிக்காவிட்டால் சத்தம் வெடிக்கும். ஆகவே மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் மீட்டரைப் பாருங்கள். எந்த ட்ராக் அதிகம் தின்கிறதோ அதை ஃப்ரீஸ் செய்யுங்கள், அதாவது ப்ளகினோடு தற்காலிக ஒலிக்கோப்பாக மாற்றுங்கள். ஒவ்வொரு ட்ராக்கிலும் தனித்தனி ரிவர்ப் (அறையின் எதிரொலியைத் தரும் ப்ளகின்) மாட்டியிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரே ரிவர்ப்பைத் தனி ட்ராக்கில் வைத்து ஒவ்வொரு ட்ராக்கின் ஒலியிலும் ஒரு பங்கை மட்டும் செண்ட் வழியாக அதற்கு அனுப்புங்கள். கம்ப்யூட்டருக்கும் ஓய்வு, பாட்டும் ஒரே இடத்தில் நடப்பது போல ஒட்டிக்கேட்கும். ப்ளகினில் ஓவர்சாம்ப்ளிங் 4x, 8x என்று இருந்தால் வேலை நடக்கும்போது அணைத்துவைத்து, கடைசியில் ஏற்றுமதிக்கு மட்டும் போடலாம்.

மீட்டர் காலியாக இருந்தும் சத்தம் வந்தால், விண்டோஸ்காரர்கள் 'லேட்டன்சிமான்' என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பாருங்கள். எந்த டிரைவர் குறுக்கே வருகிறது என்று பெயரோடு காட்டும். அடிக்கடி மாட்டுவது வைஃபை டிரைவர். லேப்டாப்பில் பவர் சேவர் அணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

## ப்ளகினை நிறுவினேன், பட்டியலில் காணவில்லை

வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. ப்ளகின்கள் பல வடிவத்தில் வருகின்றன, எல்லா மென்பொருளும் எல்லா வடிவத்தையும் ஏற்பதில்லை. ப்ரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் மட்டுமே. லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஏயூ மட்டுமே. க்யூபேஸ், எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர், ஸ்டுடியோ ஒன் ஆகியவை விஎஸ்டி3 ஏற்கும். 2022-ல் வந்த கிளாப் என்ற திறந்த வடிவத்தை பிட்விக், ரீப்பர் போன்றவை ஏற்கின்றன. லாஜிக்கில் விஎஸ்டியைத் தேடி ஒரு மாலையை வீணாக்குவதைவிட, இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி ஏயூ பெட்டியில் டிக் போடுவது இரண்டு நிமிட வேலை.

பழைய விஎஸ்டி2 பற்றி ஒரு வார்த்தை. அதற்குப் புதிதாக உரிமம் தருவதை ஸ்டெயின்பெர்க் 2018-லேயே நிறுத்திவிட்டது, புதிய மென்பொருள்கள் சில அதைத் திறப்பதையே கைவிட்டு வருகின்றன. இரண்டு வடிவமும் கிடைத்தால் விஎஸ்டி3-ஐ எடுங்கள். இன்னொரு வசதியும் உண்டு: விஎஸ்டி3 எங்கே இருக்க வேண்டும் என்பது முன்பே முடிவானது. விண்டோஸில் சி டிரைவில் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்', அதற்குள் 'காமன் ஃபைல்ஸ்', அதற்குள் 'விஎஸ்டி3'. விஎஸ்டி2-வோ ஒவ்வொரு இன்ஸ்டாலரும் தன் இஷ்டத்துக்கு ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். அந்த இடத்தை நீங்கள்தான் மென்பொருளுக்குக் காட்ட வேண்டும்.

அடுத்து 32 பிட், 64 பிட். பழைய இலவச ப்ளகின்களில் 32 பிட் நிறைய உண்டு. 64 பிட் மென்பொருளில் அவை நேராகத் திறக்காது. ரீப்பர் மாதிரி உள்ளேயே பாலம் போட்டுத்தரும் மென்பொருள் வேண்டும், அல்லது ஜேபிரிட்ஜ் போன்ற தனிக் கருவி. மேக்கில் அதற்கும் வழியில்லை: 2019-ல் வந்த கேட்டலினாவோடு 32 பிட் முழுதாகப் போய்விட்டது.

2020 இறுதியிலிருந்து வந்த ஆப்பிள் சிப் மேக் என்றால், ப்ளகின் அந்தச் சிப்புக்கென்றே எழுதப்பட்டதா என்று பாருங்கள். இன்டெலுக்கு மட்டும் எழுதியது என்றால் பல மென்பொருள்களில் பட்டியலுக்கே வராது. மென்பொருளின் 'கெட் இன்ஃபோ'வில் ரொசெட்டா (இன்டெல் மென்பொருளை ஓட்டித்தரும் வசதி) பெட்டியில் டிக் போட்டுத் திறந்தால் தலைகாட்டும். ஆனால் மொத்த மென்பொருளும் கொஞ்சம் மெதுவாகும். ஒரு ப்ளகினுக்காக அதைச் செய்வதா என்று யோசியுங்கள்.

வடிவம், இடம், பிட் எல்லாம் சரியா? அப்படியானால் முதல் ஸ்கேனில் அது தடுமாறி, மென்பொருள் அதைக் கறுப்புப் பட்டியலில் போட்டிருக்கும். ப்ளகின் மேனேஜரில் அந்தப் பட்டியலைத் திறந்து பெயரை விடுவித்து மறு ஸ்கேன் கொடுங்கள். உரிமத்தைச் சரிபார்க்க ஐலாக் கேட்கும் ப்ளகின் என்றால் முதலில் ஐலாக் மேனேஜரில் உள்நுழைந்து உரிமம் செயலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாத்தியம் திறக்கிறது, ஆனால் 15 நிமிடத்தில் ஊமையாகிவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் கான்டாக்ட், அதாவது பதிவுசெய்த வாத்திய ஒலிகளை ஓட்டும் ப்ளகின். இணையத்தில் 'இலவச கான்டாக்ட் லைப்ரரி' என்று கிடைப்பவற்றில் பலவும் முழு கான்டாக்டுக்கானவை. இலவச ப்ளேயரில் அவை 15 நிமிட டெமோவாக மட்டும் ஓடும். கோளாறு எதுவும் இல்லை, தரவிறக்கும் முன் ப்ளேயரில் ஓடுமா என்று பார்க்காததுதான். அதே வேலை செய்யும் டீசென்ட் சாம்ப்ளருக்கென்று வருபவற்றில் இந்தச் சிக்கல் இல்லை, அந்த சாம்ப்ளரே இலவசம்.

## திறந்தவுடன் மென்பொருள் மூடிக்கொள்கிறது

ப்ராஜெக்ட் ஒன்று மட்டும் இப்படிச் செய்தால் அதிலுள்ள ஏதோ ஒரு ப்ளகின்தான் காரணம். ரீப்பரில் ப்ராஜெக்டைத் திறக்கும் சன்னலிலேயே ப்ளகின்களை ஆஃப்லைனில் வைத்துத் திறக்க ஒரு பெட்டி உண்டு. அப்படித் திறந்து ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தால் எது கவிழ்க்கிறது என்று தெரிந்துவிடும். பிட்விக்கில் ப்ளகினைத் தனிப் பெட்டியில் ஓடவிடலாம், ப்ளகின் செத்தாலும் பாட்டு பிழைக்கும்.

மென்பொருளே திறக்கவில்லை என்றால் பாதிப்பாதியாகப் பிரிக்கும் உத்தி. ப்ளகின் ஃபோல்டரில் உள்ளவற்றில் பாதியை டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். திறந்துவிட்டதா? கள்ளன் நகர்த்திய பாதியில் இருக்கிறான். அதில் பாதியைத் திரும்ப வையுங்கள். 32 ப்ளகின் இருந்தாலும் ஐந்தே சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும்.

## ஒலியே இல்லை

மைக்கிலிருந்து ஒன்றும் வரவில்லையா: கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பட்டன் போட்டீர்களா? ட்ராக்கின் உள்ளீட்டு எண், மைக் செருகிய துளையின் எண்தானா? மிடி கீபோர்டு அழுத்தினால் மீட்டர் ஆடுகிறது, ஆனால் ஒலி இல்லையா: ட்ராக்கில் வாத்தியம் ஏற்றவே இல்லை. மிடி என்பது ஒலி அல்ல, எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தமாக அடித்தீர்கள் என்ற குறிப்பு மட்டுமே. வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச சிந்தசைசர் ஒன்றை ஏற்றினால் உடனே பேசும்.

## பாட்டு வேகமாக ஓடுகிறது, சுருதியும் ஏறிவிட்டது

44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்ததை 48-ல் ஓட்டுகிறீர்கள். அப்போது சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். இறங்கினால் நேர்மாறு. ப்ராஜெக்ட், இன்டர்ஃபேஸ், விண்டோஸின் சவுண்டு செட்டிங் மூன்றிலும் ஒரே எண் இருக்கட்டும். எந்த எண் என்பதில் வாதம் செய்வதில் பயனில்லை. வீடியோவுக்குப் போகும் பாட்டு என்றால் 48, அவ்வளவுதான்.

## குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது

பணம் அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான். ஈக்யூ, சாச்சுரேஷன், 'வோக்கல் செயின்' என்று ஒவ்வொன்றாக வாங்கிக் குவித்தும் குரல் தூரத்திலேயே நிற்கும். ஏனென்றால் கோளாறு அறையில் இருக்கிறது. மைக்குக்குள் நேராகப் போன குரலோடு சுவரில் பட்டுத் திரும்பிய குரலும் சேர்ந்து பதிவாகிவிட்டது. இரண்டையும் பிரிக்கும் ப்ளகின்கள் இப்போது உண்டு. ஓரளவு பிரிக்கும், கூடவே குரலின் நுனியையும் கொஞ்சம் தின்றுவிடும்.

முதலில் தூரம். மைக்கிலிருந்து 60 சென்டிமீட்டரில் நின்றவர் 15-க்கு வந்தால் நேர்க்குரல் ஏறக்குறைய 12 டெசிபெல் கூடும். அறையின் எதிரொலி கூடாது. கெயினை (உள்ளீட்டு ஒலியின் அளவை) அதற்கேற்ப இறக்கினால் அறை பின்னுக்குப் போய்விடும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த ப்ளகினும் இலவசமாகத் தராது. கிட்டப் போனால் இரண்டு பக்க விளைவு வரும்: கார்டியாய்டு மைக்கில் (முன்பக்கம் அதிகம் கேட்கும் வகை) அடிக்குரல் பருமனாகும், 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். முதலாவதற்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர். இரண்டாவதற்கு ஒரு பாப் ஃபில்டர், அல்லது மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைப்பது.

அடுத்து, கனமான கம்பளியோ மெத்தையோ எங்கே போடுவது என்பது. பலரும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுவார்கள். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கம் அதிகம் கேட்பதில்லை. அது பார்ப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே கம்பளி உங்கள் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். மேசை ஃபேனும் கம்ப்யூட்டரும் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

பதிவுக்கு முன் பாடாமல் பத்து விநாடி பதிந்து, ஒலியைக் கூட்டிக் கேளுங்கள். அங்கே கேட்கும் ஃபேன், தெரு, ஃபிரிட்ஜ் எல்லாமே பின்னால் கம்ப்ரஸர் போட்டதும் முன்னுக்கு வரும். உரத்த இடங்களை 10 டெசிபெல் அமுக்கி மொத்தத்தையும் 10 ஏற்றினால், சொல்லுக்குச் சொல் நடுவே உள்ள இரைச்சலும் அதே 10 ஏறும். "கம்ப்ரஸர் சரியில்லை" என்று அதைத் திட்டுவது நியாயமில்லை.

கெயின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 24 பிட்டில் பதியும்போது சிவப்புக் கோடு வரை ஏற்ற வேண்டியதில்லை. உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே இருந்தால் போதும். உள்ளீட்டில் சிவப்பு எரிந்த பதிவை ஓரளவு ஒட்டுப்போடலாம், முழுதாக மீட்க முடியாது. இன்னொரு முறை பாடுவது சீக்கிரம் முடியும்.

## 'உம்ம்ம்' என்று ஒரு அடிநாதம்

50 அல்லது 60 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் பூமிச்சுற்று (கிரவுண்டு லூப்), எல்லாவற்றையும் ஒரே ப்ளக் போர்டில் மாட்டி, ஸ்பீக்கருக்கு டிஆர்எஸ் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். எலக்ட்ரிக் கிட்டாரில் மட்டும் என்றால் உட்கார்ந்திருக்கும் திசையை மாற்றிப் பாருங்கள், சிங்கிள் காயில் பிக்கப் திசைக்குத் திசை வேறு மாதிரி முனகும். ஏற்கெனவே பதிவானதுக்கு 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் ஒடுக்கமாக வெட்டும் ஈக்யூ போதும்.

## புது ப்ளகின் போட்டதும் பிரமாதம், மறுநாள் கேட்டால் ஒன்றுமில்லை

எந்த ப்ளகினை வாங்குவது என்ற கேள்விக்கு விடையே இதில்தான் இருக்கிறது. நம் காது உரத்த ஒலியை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு டெசிபெல் கூடினாலே போதும், 'உரத்திருக்கிறது' என்று தோன்றாது, 'தெளிவாக, உயிரோடு இருக்கிறது' என்று தோன்றும். பல ப்ளகின்கள் போட்ட உடனே ஒலியைக் கொஞ்சம் ஏற்றித்தான் கொடுக்கின்றன. வேண்டுமென்றா, தற்செயலா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்.

சோதனை இப்படி. டெமோவை நிறுவி, ஒரு குரல் ட்ராக்கில் போட்டு, பிடித்தபடி அமைத்துவிடுங்கள். அதற்கு அடுத்து ஒரு எல்யூஎஃப்எஸ் மீட்டர், அதாவது காதுக்குக் கேட்கும் உரப்பை அளப்பது. யூலீனின் இலவசப் பதிப்பு நன்றாகவே இருக்கும். ஒரு சரணத்தைச் சுற்றவிட்டு ப்ளகின் இல்லாமல் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 21, மைனஸ் 18.5 என்று வந்தால் ப்ளகினின் வெளியீட்டை 2.5 டெசிபெல் இறக்குங்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, எது எது என்று மறந்துபோகும் வரை ப்ளகினை அணைத்துப் போடும் பைபாஸ் பட்டனைப் பலமுறை அழுத்திவிட்டு, பிறகு நிதானமாக மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது நன்றாக இருக்கிறது என்று தீர்மானித்தபின் கண்ணைத் திறங்கள். பல நேரம் பைபாஸையே தேர்ந்தெடுத்திருப்பீர்கள்.

இந்தச் சோதனையில் தேறுவதை வாங்கலாம். என் அனுபவத்தில் ஈக்யூவும் கம்ப்ரஸரும் அரிதாகவே தேறும், ஏனென்றால் மென்பொருளோடு வருவதே போதுமான தரத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒரு வேலைக்கு, உதாரணமாக ஒரு சில சொல்லில் மட்டும் குத்தும் அதிர்வெண்ணை அந்த நேரத்தில் மட்டும் அடக்க, டிடிஆர் நோவா என்ற இலவச டைனமிக் ஈக்யூ உண்டு. ரிவர்ப், ஆம்ப் சிமுலேட்டர், வாத்திய சாம்பிள்கள் ஆகியவற்றில்தான் பணம் கொடுத்ததன் வித்தியாசம் காதில் விழும்.

## சுருதி திருத்தினேன், குரல் ரோபோவாகிவிட்டது

தானாகச் சுருதி திருத்தும் ப்ளகினில் ரீட்யூன் வேகம் என்ற எண்ணைப் பாருங்கள். 0 என்றால் ஒவ்வொரு சுரத்தையும் உடனே அருகிலுள்ள படிக்கு இழுத்து ஆணியடித்துவிடும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் இடமும் கமகமும் படிக்கட்டாக நொறுங்கும். எண்ணைக் கூட்டி வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் சரியாகும். ஆனால் குழைந்து பாடுபவருக்குத் தானாகத் திருத்தும் ப்ளகினே சரிப்படாது. எந்தச் சுரம் பிசகியதோ அதை மட்டும் கையால் பிடித்து நகர்த்தும் வகைதான் வேண்டும். அதற்கு மெலோடைன் பேர்போனது. வாங்கும் முன், க்யூபேஸின் உயர்பதிப்புகளில் வேரிஆடியோ, லாஜிக்கில் ஃப்ளெக்ஸ் பிட்ச், ரீப்பரில் ரியாட்யூன் (ReaTune) என்று கையிலேயே இருக்கிறதா பாருங்கள்.

## போனில் கேட்டால் கிட்டார் காணாமல் போகிறது

மிக்ஸை மோனோவில், அதாவது இடதையும் வலதையும் ஒன்றாகச் சேர்த்துக் கேளுங்கள். அங்கேயும் காணாமல் போனால், அகலமாக்குகிறேன் என்று இடது, வலதில் ஒரே ஒலியைச் சிறு தாமதத்தோடு வைத்திருப்பீர்கள். இரண்டும் ஒன்றாகும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 1 மில்லிவிநாடி தாமதம் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழி தோண்டும். ஒய்டனர் ப்ளகினை எடுத்துவிட்டு அதே பகுதியை இரண்டாம் முறை வாசித்துப் பதிந்து, ஒன்றை இடதிலும் ஒன்றை வலதிலும் வையுங்கள். வாக்சென்கோ ஸ்பேன் என்ற இலவசக் கருவியில் உள்ள கோரிலேஷன் மீட்டர் (இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டுவது) பூஜ்யத்துக்குக் கீழே அடிக்கடி போனால் சந்தேகப்படுங்கள்.

## என் பாட்டு மட்டும் மெல்லமாகக் கேட்கிறது

ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்குக் கொண்டுவரும். யூட்யூப் உரத்ததை இறக்கும், மெல்லியதை ஏற்றாது. ஆக லிமிட்டரை நசுக்கி மைனஸ் 7-க்கு ஏற்றினால் அங்கே போய் இறக்கப்படும். நசுங்கியது மட்டும் மிஞ்சும். உச்சத்தை லிமிட்டரில் மைனஸ் 1 டெசிபெல் ட்ரூ பீக்கில் (ஒலியலையின் உண்மையான உச்சம்) நிறுத்துங்கள். அதன்பிறகும் மெல்லமாகத் தோன்றினால் பெரும்பாலும் அடியொலி அதிகம் என்று அர்த்தம்: பேஸும் கிக்கும் இடத்தை எல்லாம் அடைத்துக்கொண்டால் லிமிட்டருக்குத் தூக்க இடமிருக்காது.

## மென்பொருளை மாற்றிக்கொண்டே இருக்கிறேன், பாட்டு முடிந்தபாடில்லை

ஒரே ஒலிக்கோப்பை ப்ளகின் எதுவும் இல்லாமல் இரண்டு மென்பொருளில் அதே அளவில் ஏற்றுமதி செய்து, ஒன்றின் ஃபேஸை (அலையை மேல்கீழாக) திருப்பி இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். மௌனம்தான் கேட்கும். 'இதில் ஒலி நன்றாக வரும்' என்ற பேச்சுக்கு அதுவே பதில். வேலை செய்யும் முறைதான் வேறுபடும், அதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

மேக் இருந்தால் கராஜ்பேண்டில் தொடங்குங்கள். அதன் ப்ராஜெக்டுகள் பின்னால் லாஜிக்கில் அப்படியே திறக்கும். குரலும் கிட்டாரும் பதிவதுதான் முக்கியம், கம்ப்யூட்டரும் பழசு என்றால் ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு பார்க்கலாம், லினக்ஸிலும் ஓடும். ஆனால் வாத்திய ஒலிகள் கூட வருவது மிகக் குறைவு, அவற்றை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பீட் கட்டித் தொடங்குபவருக்கு எஃப்எல் ஸ்டுடியோவோ ஏபிள்டன் லைவோ கைக்கு வரும். எஃப்எல் சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், சேமித்ததைத் திரும்பத் திறக்க வாங்க வேண்டும். தெரியாமல் மூடிவிட்டு அலறுபவர்கள் உண்டு. ப்ரோ டூல்ஸின் இலவசப் பதிப்பில் 8 ஆடியோ ட்ராக்தான். ஆடாசிட்டி பேச்சுப் பதிவுக்கும் வெட்டி ஒட்டவும் அருமை, மிடி வாத்தியம் வைத்துப் பாட்டமைக்க ஆகாது. இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள்ளேயே ஏதாவது ஒரு மென்பொருளின் சிறு பதிப்புக்கான உரிமம் இருந்திருக்கும். ட்ராக் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தாலும் முதல் பாட்டை முடிக்க அது தாராளம்.

## பழைய ப்ராஜெக்டைத் திறந்தால் பாதி ப்ளகின் 'காணவில்லை' என்கிறது

காணாமல் போன ப்ளகினை நிறுவ முடிந்தால் நிறுவுங்கள். அதுவரை அந்த ப்ராஜெக்டைச் சேமிக்காமல் மூடுங்கள்; சில மென்பொருள்கள் காணாத ப்ளகினின் அமைப்பை அழித்துவிட்டுச் சேமித்துவிடும். உரிமம் போய்விட்டது, தயாரித்தவர்களே கடையை மூடிவிட்டார்கள் என்றால் மூல ஒலியிலிருந்து மறுபடி மிக்ஸ் செய்வதைத் தவிர வழியில்லை.

இனி முடிக்கும் பாட்டுக்கு, முடித்த அன்றே ஒவ்வொரு ட்ராக்கையும் ப்ளகினோடு ஒரு முறை, ப்ளகின் இல்லாமல் ஒரு முறை 24 பிட் வேவ் கோப்பாக எடுத்துவையுங்கள். எல்லாமே பாட்டின் முதல் நொடியிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் வேறு எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் தானாக ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். மிடி பகுதிகளைத் தனி மிடி கோப்பாகவும் எடுங்கள். ஃபோல்டரின் பெயரிலேயே பாட்டின் வேகத்தையும் சாம்பிள் ரேட்டையும் எழுதிவிடுங்கள்: '96 பிபிஎம், 48 கிலோஹெர்ட்ஸ்' என்று.